அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்’: பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி:

டாக்டர், நாங்கள் கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லயனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 57 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்து பறித்தவர். பீடி, சுருட்டு எதுவும் கிடையாது, வெற்றிலை மட்டும் போடுவார். மழைக்காலத்தில் வந்த இருமல் நிற்கவேயில்லை. முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டும் இளைப்புதான் அதிகமானது. கோவையில் பயாப்சி எடுத்ததில் நுரையீரல் புற்றுநோய், அதில் அடினோகார்சினோமா என்ற வகை, நாலாம் நிலை என்றார்கள். அப்புறம் இன்னொரு டெஸ்டில் ‘ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டெலீஷன் பாசிட்டிவ்’ என்று வந்தது. “ஜீனில் மாற்றம் இருக்கிறது, மாத்திரை கொடுக்கலாம்” என்றார் டாக்டர். ஓசிமெர்டினிப், முடியாவிட்டால் ஜெஃபிடினிப் என்று எழுதியிருக்கிறார். இன்னும் தொடங்கவில்லை. ஜீன் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த ரிப்போர்ட்டை யார் கண்ணிலும் காட்டக் கூடாது என்கிறார் மாமா. எனக்கு இரண்டு குழந்தைகள். நாங்கள் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? தோட்டத்தில் அடிக்கிற மருந்து காரணமா, அடுப்புப் புகையா? கீமோ வேண்டாம், மாத்திரை போதும் என்பது கைவிட்டதற்கு அடையாளமா? அம்மாவைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டுமா?

– வாசகி, கோத்தகிரி

பதில்:

தங்கையின் கல்யாணப் பேச்சை இதற்காக ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கிற மாற்றம் அவர் பிறக்கும்போது உடம்பில் இருந்ததில்லை. உங்களுக்கோ தங்கைக்கோ உங்கள் குழந்தைகளுக்கோ அது போயிருக்க வழியில்லை. மாமாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை நிதானமாகப் படிக்கலாம்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? சோதனைக்கு எடுத்தது அம்மாவின் நுரையீரல் கட்டியிலிருந்து வெட்டிய சின்னத் துண்டு. அதற்குள் இருக்கிற செல்களின் டி.என்.ஏ.வைத்தான் படித்தார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் நுரையீரலில் ஏதோ ஒரே ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, தன்னிடம் இருந்த ஏறக்குறைய 600 கோடி எழுத்துகளைப் பிரதி எடுத்ததில் ஓரிடத்தில் சில எழுத்துகளை விட்டுவிட்டது. அந்தச் செல்லின் வாரிசுகள்தான் இன்றைய கட்டி. அம்மாவின் தோலில், ரத்தத்தில், உங்களைச் சுமந்த கருமுட்டையில் அந்தப் பிழை கிடையாது. பிள்ளைகளுக்குப் போவது கருமுட்டையில் இருப்பது மட்டும்தானே.

இங்கே இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பிற்பாடு அம்மாவுக்கு ரத்தத்தில் ஈஜிஎஃப்ஆர் டெஸ்ட் எடுக்கச் சொல்லக்கூடும். அதிலும் பாசிட்டிவ் வந்தால் ‘பார்த்தீர்களா, ரத்தத்திலேயே இருக்கிறது’ என்று வீட்டில் மறுபடி பயம் கிளம்பும். கட்டியின் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். அந்த டெஸ்ட் தேடிப் பிடிப்பது அந்தத் துணுக்குகளை. பரம்பரை ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். டி790எம் என்ற வேறொரு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் மிக அபூர்வமாகச் சில குடும்பங்களில் பிறவியிலேயே இருப்பது 2005-இல் கண்டறியப்பட்டது. எந்த மருந்தும் தொடங்குவதற்கு முன்பே ஒருவருடைய ரிப்போர்ட்டில் அது தெரிந்தால், மரபியல் ஆலோசகரிடம் அனுப்புவோம். அம்மாவுக்கு வந்திருப்பது எக்ஸான் 19 டெலீஷன். இதற்கு அந்தக் கவலை இல்லை. ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அபிப்பிராயம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். எந்த மாற்றம், எவ்வளவு சதவீதம் என்பதெல்லாம் பெரும்பாலும் உள்ளே இருக்கும்.

ஆக, நீங்களும் தங்கையும் ஈஜிஎஃப்ஆர் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. எடுத்தாலும் அதில் தெரிவதற்கு ஒன்றுமில்லை, பணம்தான் வீண். நுரையீரல் புற்றுநோய் உள்ளவரின் நெருங்கிய ரத்த உறவினருக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மைதான். ஒரே வீடு, ஒரே புகை, ஒரே பழக்கங்கள் என்று அதற்குக் காரணங்கள் கலந்து கிடக்கின்றன. தைவான் 2022-இல் தொடங்கிய சி.டி. ஸ்கேன் திட்டத்தில், அதிகம் புகைபிடிப்பவர்களோடு குடும்பத்தில் இந்த நோய் உள்ள நடுத்தர வயதினரையும் சேர்த்திருக்கிறது. நம் ஊரில் அப்படித் திட்டம் இல்லை. இந்த வயதில் உங்களுக்கு அது தேவை என்றும் நான் நினைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால் மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அது போதும்.

இப்போது அந்த ஈஜிஎஃப்ஆர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் ஊசி போடாமல் ஏன் மாத்திரை என்பதும், முகத்தில் ஏன் கொப்புளங்கள் வரும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

ஏழாம் குரோமோசோமில் எல்லா மனிதருக்கும் இருக்கிற மரபணு அது. எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, மாமாவுக்கும் உண்டு. அதிலிருந்து உருவாகும் புரதம் 1,186 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியாகச் செல்லின் மேல்சவ்வில் ஊடுருவி நிற்கும். பாதி வெளியே, பாதி உள்ளே. ‘இங்கே தோல் கிழிந்திருக்கிறது, புதுச் செல் வேண்டும்’ என்ற மாதிரி சேதியை வெளியிலிருந்து கொண்டுவருவது ஈஜிஎஃப் என்னும் குட்டிப் புரதம், 53 அமினோ அமிலங்கள்தான். அது வந்து ஒட்டியதும் மடங்கிக் கிடந்த ஏற்பி நிமிர்கிறது. பக்கத்தில் இருக்கும் இன்னோர் ஏற்பியோடு ஜோடி சேர்கிறது. சேர்ந்ததும் செல்லுக்குள் இருக்கும் வால்பகுதிகளில் ஒன்று மற்றதைத் தூண்டிவிட, டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் மேல் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. சேதி உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அந்தப் பாஸ்பேட்தான் முத்திரை. முத்திரையைப் பார்த்து வேறு புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. ராஸ், அதிலிருந்து ராஃப், அதிலிருந்து மெக், அதிலிருந்து எர்க் என்று ஆள் மாற்றி ஆள் சேதி செல்லின் கருவுக்குப் போய்ச் சேர்கிறது: பிரிந்து பெருகு. இன்னொரு பாதையில் ஏகேடி என்ற புரதம் வழியாக வேறொரு சேதி: சாகாதே, பிழைத்திரு. வேலை முடிந்ததும் அந்த ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக் கரைத்துவிடும். சேதி நின்றுவிடும். தோல், குடல், நுரையீரல் என்று தேய்ந்து தேய்ந்து புதுப்பிக்கப்படும் இடங்களில் எல்லாம் தினமும் இது நடக்கிறது.

அம்மாவின் கட்டியில் நடந்தது என்ன? மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். அந்த மரபணுவின் 28 எக்ஸான்களில் பத்தொன்பதாவதில் கொஞ்சம் எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. பெரும்பாலும் 15 எழுத்துகள். அதனால் புரதத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் குறையும். 1,186-இல் ஐந்து போனால் என்ன என்று தோன்றும். போன இடம் அப்படி! பாஸ்பேட் ஒட்டுகிற பகுதியைச் சும்மா இருக்கும்போது அடக்கி வைத்திருக்கும் வளைவே அங்கேதான் இருக்கிறது. அது குட்டையானதும் புரதம் எப்போதும் வேலை செய்கிற வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. எஸ்டேட் ஃபேக்டரியில் சங்கு ஊதினால்தானே ஆட்கள் வேலைக்குக் கிளம்புவார்கள்? யாரும் ஊதாமலே சங்கு இரவும் பகலும் அலறிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நிலைமை. ஈஜிஎஃப் வரவே வேண்டாம், செல் பெருகிக்கொண்டே போகும்.

ஈஜிஎஃப் புரதத்தைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமானது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கண் திறந்தன, பல்லும் முன்னதாகவே முளைத்தது. வேறெதையோ தேடிக்கொண்டிருந்தவர், இதை ஒதுக்கித் தள்ளாமல் துரத்திப் போய் 1962-இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கண் இமைகளுக்கும் இந்தப் புரதத்துக்கும் உள்ள உறவை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். கீமோ இல்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பது மலையிலும் சமவெளியிலும் ஒரே மாதிரிதான். உண்மை நேர் எதிர். ஜெஃபிடினிப் 2002-இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தபோது, கொஞ்சம் பேருக்கு மட்டும் கட்டி ஆச்சரியப்படும்படி சுருங்கியது, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 2004-இல்தான் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் சுருங்கிய கட்டிகளின் ஈஜிஎஃப்ஆர் மரபணுவைப் படித்துப் பார்த்து, மாற்றம் அங்கே இருப்பதைக் கண்டார்கள். 2009-இல் ஆசிய நாடுகளின் நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. மாற்றம் இருந்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு ஜெஃபிடினிப்பில் கட்டி நன்றாகச் சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அதே மாத்திரை! இதைவிடத் தெளிவான வித்தியாசத்தைப் புற்றுநோய் மருத்துவத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

மாத்திரை போய் உட்காருவது ஏற்பியின் உட்பகுதியில், ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டிய குழிக்குள். எரிபொருள் இல்லாமல் பாஸ்பேட் ஒட்ட முடியாது, சேதி நின்றுவிடுகிறது. மாற்றமடைந்த ஏற்பியின் குழியில் ஏடிபியின் பிடி சற்றுத் தளர்வு, மாத்திரையின் பிடி இறுக்கம். அதனால்தான் மாத்திரை கட்டியைக் குறிபார்த்து அடிக்கிறது. இத்தனை காலமும் அந்த ஒரு சேதியை நம்பியே பெருகி வந்த செல்கள், அது நின்றதும் பிழைக்கத் தெரியாமல் மடிகின்றன. அம்மாவுக்கு வந்திருக்கும் எக்ஸான் 19 டெலீஷன், இந்த மாத்திரைகளுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. அந்த வரி ‘நெகட்டிவ்’ என்று வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆனால் நாலாம் நிலை நோய் இதனால் அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன். கட்டுக்குள் வைக்கலாம், அம்மா எழுந்து நடமாடலாம், தங்கை கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரலாம். எத்தனை நாளைக்கு என்றால், ஓசிமெர்டினிப்பை ஜெஃபிடினிப், எர்லோடினிப் வகை மாத்திரைகளோடு ஒப்பிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் ஓசிமெர்டினிப்பில் ஏறக்குறைய 19 மாதம், பழைய மாத்திரைகளில் 10 மாதம். மற்றப் பாதிப் பேருக்கு அதைவிட நீண்டது. மூளைக்குப் பரவிய நோயையும் ஓசிமெர்டினிப் எட்டிப் பிடிக்கும். ஜெஃபிடினிப்புக்கு அங்கே அவ்வளவு பலம் இல்லை.

அப்படியானால் ஓசிமெர்டினிப்தானே வாங்க வேண்டும் என்பீர்கள். முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் நகையை விற்காதீர்கள், நிலத்தை அடகு வைக்காதீர்கள். ஜெஃபிடினிப் இந்தியாவிலேயே பல கம்பெனிகள் தயாரிக்கிற மருந்து, நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அதோடு, மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 350 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்தது போல் இருக்கிறது. ஜெஃபிடினிப்பை மட்டும் கொடுத்தபோது 8 மாதம் கட்டுக்குள் இருந்த நோய், அதோடு பெமட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற கீமோவையும் சேர்த்தபோது 16 மாதம் கட்டுக்குள் இருந்தது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கிவர வேண்டியிருக்கும். அம்மாவின் தெம்பு, சிறுநீரகம் எல்லாம் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். உங்கள் டாக்டரிடம் ‘ஜெஃபிடினிப்போடு கீமோ சேர்ப்பது அம்மாவுக்கு ஒத்துவருமா?’ என்று கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் என்னென்ன கிடைக்கும் என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே விசாரியுங்கள். குடும்ப அட்டையும் ஆதாரும் கையோடு இருக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் சீக்கிரம் தொடங்குங்கள். எந்த மாத்திரை என்ற யோசனையில் வாரங்கள் ஓடுவதுதான் பெரிய நஷ்டம்.

தொடங்குவதற்கு முன் ஒன்று கட்டாயம் பேசிவிட வேண்டும். டி.பி. மாத்திரை. நுரையீரல் நிழலைப் பார்த்து டி.பி. என்று தொடங்குவது நம் நாட்டில் நிறைய நடக்கிறது. டி.பி. அவ்வளவு அதிகம் என்பதால் சந்தேகம் அந்தப் பக்கமே போகிறது. அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு, ஜெஃபிடினிப்பையும் ஓசிமெர்டினிப்பையும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். மாத்திரை வாங்கியும் பாதிப் பலன்கூட இருக்காது. அம்மா இன்னும் அதைச் சாப்பிடுகிறாரா, கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டார் என்று புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் அந்தத் தூண்டல் அடங்க ஓரிரு வாரம் ஆகும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. சளியில் கிருமி இருந்ததா இல்லையா என்பதைப் பார்த்து இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. அதேபோல், வயிற்றெரிச்சலுக்கு எழுதிக்கொடுக்கும் ஓமெப்ரசோல், பேண்டோபிரசோல் போன்றவை ஜெஃபிடினிப் உடம்பில் சேர்வதைப் பாதியாகக் குறைத்துவிடும். ஓசிமெர்டினிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. யாராவது வேர், சூரணம் என்று கொண்டுவந்து கொடுத்தால் கோபப்படாதீர்கள், ஆனால் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்கவும் வேண்டாம்.

பக்கவிளைவுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இவற்றுக்குப் பயந்துதான் நிறுத்துகிறார்கள். தோலிலும் குடலிலும் சாதாரண ஈஜிஎஃப்ஆர் வேலை செய்கிறது என்றேன் அல்லவா? மாத்திரை அதையும் கொஞ்சம் முடக்கும். முதல் இரண்டு வாரத்திலேயே முகம், தலை, மார்பு எங்கும் பரு மாதிரி கொப்புளங்கள் வரலாம். பார்க்கப் பரு, ஆனால் பரு அல்ல. பருவுக்குப் போடும் கிரீம்கள் தோலை இன்னும் வறட்சியாக்கிவிடும். மஞ்சள், எலுமிச்சை, கடலைமாவு எதுவும் வேண்டாம். வாசனையில்லாத ஈரப்பதக் கிரீமைக் காலையும் இரவும் தடவட்டும். கோத்தகிரிக் குளிரில் எப்படியும் தோல் வெடிக்கும், மார்கழி தை மாதங்களில் தேங்காய் எண்ணெயே பாட்டிலில் கட்டியாகிவிடுகிறது. ஆகவே கிரீம் தடவுவதை மாத்திரை தொடங்கும் அன்றே ஆரம்பித்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது நம் மலைக்காரர்களின் சுகம். அம்மாவுக்கு இனி வெதுவெதுப்புதான். ஆறாயிரம் அடி உயரத்தில் குளிருக்குள்ளும் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை, தலையில் துண்டோ தொப்பியோ இல்லாமல் வெளியே போக வேண்டாம். கொப்புளம் அதிகமானால் டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரை கொடுத்துக் கட்டுப்படுத்துவோம்.

கொழுந்து பறித்தவர் என்பதால் அடுத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மாதம் போன பின் நகத்தின் ஓரச் சதை வீங்கிச் சீழ் வைக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் கீறலும் காம்புக் கறையுமாக இருக்கும் கைக்கு இது இரட்டிப்புத் தொல்லை. தெம்பு வந்ததும் ‘நான் மலைக்குப் போய்ப் பறிக்கிறேன்’ என்று கிளம்புவார், பார்த்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச காலமாவது வேண்டாம். ஈரக் கையோடு இருக்கக் கூடாது, நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது, பாத்திரம் கழுவினால் உள்ளே பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு டாக்டர் எழுதிய லோபரமைட். ஒரு நாளில் நாலைந்து முறைக்கு மேல் போனால் போன் செய்யுங்கள்.

கண் இமை என்றேனே. இந்த மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு மாதங்கள் போகப் போக இமைமயிர் நீளமாக, சுருண்டு வளரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பொறாமைப்படுவார்கள். உள்பக்கமாகச் சுருண்டு கண்ணைக் குத்தினால் மட்டும் கண் டாக்டரிடம் போங்கள். எலிக்குட்டிகளின் இமையில் கோஹன் பார்த்த அதே சேதிப் பாதைதான்.

காரணம் என்ன என்று கேட்டீர்கள். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்து இந்த எக்ஸான் 19 மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. அதற்காக முகமூடி இல்லாமல் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை, அது வேறு வழிகளில் கெடுதல். வெற்றிலையோடு புகையிலை சேர்க்கிறாரா என்று எழுதவில்லை. சேர்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி. ஈஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள நுரையீரல் நோய் புகைபிடிக்காதவர்களிடம், அதிலும் பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவரிலிருந்து மூவரில் ஒருவர் வரை இந்த வகை.

அடுப்புப் புகை விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. வீட்டுக்குள் எரிக்கும் நிலக்கரியின் புகையை உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான காரணி என்று சொல்கிறது. விறகுப் புகையை ‘பெரும்பாலும் காரணியாக இருக்கக்கூடியது’ என்ற அடுத்த படியில் வைத்திருக்கிறது. 2023-இல் லண்டனில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு வெளியிட்ட ஆய்வு இதில் புது வெளிச்சம் காட்டியது. புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளிலேயே 18 சதவீதத்தில் ஈஜிஎஃப்ஆர் மாற்றமுள்ள செல்கள் இருந்தன. வயதாக ஆக அவை தானாகச் சேர்கின்றன, பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. காற்றிலுள்ள நுண்துகள் நுரையீரலுக்குள் போனதும் அங்கிருக்கும் எதிர்ப்புச் செல்கள் அழற்சியைக் கிளப்புகின்றன. அந்த அழற்சி சும்மா கிடந்த செல்லை எழுப்பிவிடுகிறது. இது அவர்கள் வண்டிப் புகை போன்ற வெளிக்காற்று மாசை வைத்துச் சொன்னது. விறகு அடுப்பை அவர்கள் சோதிக்கவில்லை. ஆனால் விறகுப் புகையிலும் அதே நுண்துகள்தான் நிறைய. அம்மாவுக்கு இதுதான் வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அவர் விறகு ஊதியதால் வந்தது என்று அவரிடமே யாராவது சொன்னால் அதை உடனே நிறுத்துங்கள்.

அடுப்பை மட்டும் மாற்றுங்கள். கேஸ் இருந்தும் குளிக்கத் தண்ணீர் காய்ச்ச விறகு என்பது லயன் வீடுகளில் வழக்கம். அந்த அடுப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியுமா பாருங்கள். குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திப் படுப்பது அதைவிட மோசம். புற்றுநோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஒரே இரவில் ஆளை முடித்துவிடும்.

கீழே கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: உயரத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். இத்தனை வருஷம் வாழ்ந்த உயரம் அவருக்குப் பழக்கம், சொந்த வீட்டுச் சாப்பாடும் மனிதர்களும் அங்கேதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அந்த உயரத்தில் 94, 95 காட்டினால் பதற வேண்டாம். கோவையில் காட்டுவதைவிட ஓரிரு எண் குறைவாகத்தான் இருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மட்டும் முதல் சில வாரங்களுக்கு மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கவைப்பது நல்லது.

மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூச்சு வாங்கினால் ‘பனி ஒத்துக்கலை’, ‘மேடு ஏறினதால’ என்று விட்டுவிடுவோம். இந்த மாத்திரைகள் மிகக் குறைவான பேருக்கு நுரையீரல் திசுவிலேயே அழற்சியை உண்டாக்கலாம், அது உயிருக்கே ஆபத்தானது. முதல் மூன்று மாதங்களில் இதைக் கவனமாகப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று மூச்சுத்திணறல் கூடினால், வறட்டு இருமலும் காய்ச்சலும் சேர்ந்தால், அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு உடனே கிளம்புங்கள். இரவானாலும் 108-ஐக் கூப்பிடலாம். அவர்கள் சி.டி. எடுத்துப் பார்த்து, அது மாத்திரையால் இல்லை என்றால் மறுபடி தொடங்கச் சொல்வார்கள்.